இரவு எட்டு மணிக்கு வாசலில் உட்காரும் வசூல்காரர்கள்: குழுக் கடன் டியூ நின்றால் என்ன செய்வது?

பெருந்துறை_தையல் | செவ்வாய், இரவு 10:20

வணக்கமுங்க. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். சென்னிமலைப் பக்கம் ஒரு கிராமம். பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். போன வருடம் பெண்ணைக் காலேஜில் சேர்க்க மகளிர் குழு மூலமாக ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 50,000 ரூபாய் எடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு டியூ, 1,220 ரூபாய், மொத்தம் 52. இதுவரை 31 டியூ நாள் தவறாமல் கட்டியிருக்கிறேன்.

இரண்டு மாதமாகக் கம்பெனியில் ஆர்டர் இல்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடியது ஒரு ஷிப்டாகிவிட்டது. இதற்கு நடுவில் வீட்டுக்காரர் மொபெட்டோடு விழுந்து கணுக்கால் முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார். மூன்று டியூ நின்றுவிட்டது. அவர்கள் நான்கு என்கிறார்கள். அபராதம் 600 சேர்த்து 5,480 கேட்கிறார்கள்.

நேற்று பொழுது விழுந்து ஏழே முக்கால் மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எப்போதும் வருகிற ஆபீசர். இன்னொருவரை நான் பார்த்ததே இல்லை. வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, பணம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலோடு சுவரைப் பிடித்து எழுந்து நின்று பேசினார். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது. ஒன்பதரை வரைக்கும் இருந்தார்கள். போகும்போது, அடுத்த முறை போலீசோடு வருவோம், ரேஷன் கார்டை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்று காலை கொடுமுடியில் இருக்கும் என் அண்ணனுக்கும் போன் போட்டிருக்கிறார்கள்.

கட்டமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கோபி_ஓய்வு | செவ்வாய், இரவு 10:55

வெசனப்படாதீங்க அம்மணி. நான் கூட்டுறவு வங்கியில் 29 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். போலீஸ், ரேஷன் கார்டு இரண்டும் வெறும் மிரட்டல். கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் யாரையும் பிடிக்க முடியாது. ரேஷன் கார்டை எடுக்க எந்தக் கம்பெனிக்கும் அதிகாரம் கிடையாது. இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். டியூ நின்ற மூன்று முறையும் சென்டர் மீட்டிங்குக்கு, அதாவது குழு கூடி டியூ கட்டும் இடத்துக்கு, போனீர்களா, போகவில்லையா? இதைப் பொறுத்துத்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

பெருந்துறை_தையல் | செவ்வாய், இரவு 11:05

முதல் இரண்டு முறை கையில் பணமில்லாமலே போய் நிலைமையைச் சொன்னேன் ஐயா. மூன்றாவது முறை வீட்டுக்காரருக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனதால் போக முடியவில்லை.

கோபி_ஓய்வு | செவ்வாய், இரவு 11:40

நல்லது செய்திருக்கிறீர்கள். ஏன் கேட்டேன் என்றால், நீங்கள் வாங்கியதை ரிசர்வ் வங்கி நுண்கடன் என்று வகைப்படுத்துகிறது. வருடத்துக்கு 3 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பது. இதற்கென்று 2022 மார்ச்சில் தனி விதி போட்டு, ஏப்ரல் 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். வசூல் நடக்க வேண்டியது இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில். கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறையாவது அந்த இடத்துக்கு வராமல் இருந்தால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ ஆள் வரலாம். நீங்கள் போகாதது ஒரே ஒரு முறை. ஆகவே நேற்று அவர்கள் உங்கள் வாசலுக்கு வந்ததே தப்பு.

காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்பதும் அதே விதிதான். போன் போடவே கூடாத நேரத்தில் ஆள் வந்து கட்டிலில் உட்கார்ந்ததை எந்த அதிகாரியிடம் போய் அவர்கள் நியாயம் என்று சொல்ல முடியும்? மிரட்டும் பேச்சு, ஓயாமல் போன் போடுவது, சொந்தக்காரர்களுக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் தொல்லை கொடுப்பது, பெயரை ஊரறியப் போடுவது, கட்டாவிட்டால் இன்னது நடக்கும் என்று பொய் சொல்வது, எல்லாமே அந்த விதியில் தடுக்கப்பட்டவை. உங்கள் அண்ணனுக்குப் போன் போனது, ரேஷன் கார்டுப் பேச்சு, இரண்டும் அதில் அடங்கும்.

அபராதமும் நின்றுபோன டியூ தொகைக்கு மட்டும்தான் போடலாம், முழுக் கடனுக்கும் போடக் கூடாது. 600 எப்படி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுக்கும்போதே குடும்ப வருமானத்தை விசாரித்து, எல்லாக் கடன்களின் டியூவும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. கஷ்டத்தில் இருப்பவரைக் கண்டறிந்து வழி சொல்லும் ஏற்பாடும் வைத்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டு மீட்டிங்கில் வாய்விட்டுச் சொல்லியும் யாரும் வழி சொல்லவில்லை.

முன்னாள்_வசூல் | புதன், காலை 6:30

அக்கா, நான் திருச்செங்கோடு பக்கம் நான்கு வருடம் இந்த வேலையில் இருந்து விட்டுவிட்டு வந்தவன். அந்தப் பக்கத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் பிராஞ்சில் கணக்கு முடிக்கும்போது ஒரு டியூ குறைந்தாலும் மேனேஜர் விட மாட்டார். "வாங்கிட்டு வா, இல்லாட்டி நீ போடு" என்பார். என் சம்பளத்திலிருந்து போட்டிருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் இருட்டிய பிறகு வீடுகளுக்குப் போனேன். ஒரு வீட்டில் சின்னப் பையன் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த வேலையில் நான் இல்லை.

நீங்கள் பார்க்காத அந்த இரண்டாவது ஆள் ஏஜென்சிக்காரராக இருக்கலாம். வசூலுக்கு வருகிறவர் அடையாள அட்டையும் கம்பெனி கொடுத்த அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பணம் கையில் கொடுக்காதீர்கள்.

நான் அனுபவத்தில் கண்டது ஒன்று. போனில் அழுதாலும் வாசலில் சண்டை போட்டாலும் அது பிராஞ்சோடு முடிந்துபோகும். எழுத்தில் புகார் போய் அதற்கு ஒரு எண் விழுந்துவிட்டால் மேனேஜர் மேலே பதில் எழுதியாக வேண்டும். நாங்கள் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

அப்புறம், அவர்கள் நான்கு என்பதும் நீங்கள் மூன்று என்பதும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் கடன் அட்டையை எடுத்துப் பாருங்கள். கட்டிய ஒவ்வொரு டியூவுக்கும் நேராக ஆபீசர் கையெழுத்து இருக்கிறதா?

கரூர்_பைனான்ஸ் | புதன், காலை 9:10

நானும் சிறிய அளவில் பைனான்ஸ் நடத்துகிறவன். அந்த அம்மாவின் வாசலில் போய் உட்கார்ந்தது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்படி ஒவ்வொருவரும் சட்டம் பேசக் கற்றுக்கொண்டு டியூவை நிறுத்தினால் நாளைக்கு ஏழைக்குக் கடன் கொடுக்க யார் வருவார்கள்? பேங்க் இவர்களை உள்ளேயே விடாது. நாங்கள் அடமானமில்லாமல் நம்பிக்கையின் பேரில் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

குழுத்தலைவி_பவானி | புதன், மதியம் 1:15

கரூர் அண்ணா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை நான் வேறு விதமாக அனுபவித்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒருத்தி டியூ கட்டாமல் ஊரை விட்டுப் போய்விட்டாள். மீதி நான்கு பேரும் ஆளுக்கு 250 போட்டு அவள் டியூவைக் கட்டினோம், ஒரு முறை அல்ல, ஆறு முறை. ஒரு நாள் எங்களிடமும் காசு இல்லை. மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை மீட்டிங் நடக்கும் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்தால் உங்கள் அடுத்த லோன் போய்விடும் என்றார்கள். பால் கறக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு ஓடினேன், மாடு கத்திக்கொண்டு நின்றது.

அவள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் எங்களை உட்கார வைத்ததற்கு என்ன பெயர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

கோபி_ஓய்வு | புதன், மாலை 4:45

பவானி அம்மணி, அதற்குப் பெயர் உண்டு. ஒருவரைப் போகவிடாமல் தடுப்பதும் அடைத்து வைப்பதும் குற்றம், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 126, 127 பிரிவுகள். கூட்டுப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அது பணத்துக்கான பொறுப்பு. ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கையெழுத்தும் உரிமை கொடுக்காது.

கரூர்த் தம்பிக்கு: 31 டியூ நாள் தவறாமல் கட்டிய பெண் இது. நம்பிக்கையை உடைத்தது யார்? கஷ்டம் வந்த இரண்டாவது மாதத்திலேயே கட்டிலில் வந்து உட்கார்ந்தவர்கள்தான். உங்கள் தொழில் நிலைக்க வேண்டும் என்று நினைத்தால் இந்த விதி உங்களுக்கும் நல்லதுதான். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 2025-இல் நம் சட்டமன்றத்தில் கடன் கொடுப்பவர்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியிருக்கிறது. மிரட்டி வசூலித்தால் 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் வகைகளுக்கு 2003-லேயே தனிச் சட்டம் இருக்கிறது.

நாமக்கல்_சிக்ஸ்வீல் | புதன், இரவு 8:30

லாரிக்காரன் கதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டை லோடோடு கேரளா போய்க்கொண்டிருந்தேன். விஜயமங்கலம் டோல்கேட் தாண்டியதும் இரண்டு பைக்கில் நான்கு பேர் வந்து வண்டியை மறித்தார்கள். இரண்டு டியூ பாக்கி. சாவியைப் பிடுங்கி, லோடோடு யார்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். முட்டைக்காரருக்குப் பதில் சொன்ன கொடுமை எனக்குத்தான் தெரியும்.

சீஸ் பண்ணும் உரிமை அக்ரிமெண்டில் இருக்கிறது என்றார்கள். உண்மைதான், இருந்தது. ஆனால் வக்கீலிடம் போன பிறகு தெரிந்தது, அந்த அக்ரிமெண்டிலேயே எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும், எந்த முறையில் வண்டியை எடுக்க வேண்டும், விற்பதற்கு முன்னால் கட்டுவதற்குக் கடைசி வாய்ப்பு எப்படித் தர வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி கட்டளை. எனக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லை. அடியாட்களை வைத்து வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்துவிட்டது. இரண்டு டியூவைக் கட்டி வண்டியை எடுத்தேன். யார்டு வாடகை கேட்டதை வக்கீல் நோட்டீஸ் போன பிறகு விட்டுவிட்டார்கள்.

அக்ரிமெண்ட் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள், அது நம் உரிமை. நான் கையெழுத்துப் போட்ட அன்று வாங்கவில்லை.

கணபதி_மாணவன் | புதன், இரவு 9:50

ஆப்பில் வாங்கிய கடனுக்கும் இதெல்லாம் பொருந்துமா? என் நண்பன் 4,000 ரூபாய் எடுத்தான். போனில் இருந்த எல்லா நம்பருக்கும் அவன் படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பிவிட்டார்கள். காலேஜுக்கே வருவதில்லை.

முன்னாள்_வசூல் | புதன், இரவு 10:15

தம்பி, முதலில் நண்பனைத் தனியாக விடாதே. பக்கத்திலேயே இரு. படத்தைப் பார்த்த யாரும் அவனைத் தப்பாக நினைக்கவில்லை என்று அவனிடம் சொல். 1930-க்குப் போன் போட்டு சைபர் புகார் பதிவு செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் கடன் ஆப் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டிருக்கிறது. அப்படித் தொடுகிற ஆப் பெரும்பாலும் எந்தப் பதிவும் இல்லாதது. ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் புகார் போடலாம். அவர்கள் கேட்கிறார்கள் என்று இன்னும் பணம் அனுப்ப வேண்டாம். கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள்.

பெருந்துறை_தையல் | வியாழன், இரவு 8:40

எல்லோருக்கும் நன்றிங்க. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து 30 இடத்தில்தான் இருக்கிறது. என் நோட்டில் 31 இருக்கிறது. விட்டுப்போனது எந்த டியூ என்று தேடினேன். 22-ஆவது. அன்றைக்கு ஓவர்டைம், மீட்டிங்குக்குப் போக முடியாமல் கம்பெனி கேட் பக்கத்தில் வேன் கிளம்பும் நேரத்தில் ஆபீசர் கையில் பணத்தைக் கொடுத்தேன். "அட்டை அடுத்த வாரம் கொண்டு வாங்க, போட்டுக்கறேன்" என்றார். அப்புறம் நானும் மறந்துவிட்டேன், அவரும் போடவில்லை.

இப்போது என்ன செய்யட்டும்?

முன்னாள்_வசூல் | வியாழன், இரவு 9:05

நான் நினைத்ததுதான் அக்கா. அன்றைக்கு வேறு யாருடைய டியூவோ குறைந்திருக்கும், உங்கள் பணத்தை அதில் போட்டிருப்பார். இது நடக்கிற விஷயம். கணக்கு விவரத்தைக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். சண்டை வேண்டாம், கேள்வி மட்டும் போதும்.

கோபி_ஓய்வு | வியாழன், இரவு 9:50

கடன் அட்டையில் குறைதீர் அதிகாரி பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும், விதி அப்படி. கீழே உள்ளபடி வெள்ளைத்தாளில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள்.

"ஐயா, என் கடன் எண் இது. 31 டியூ கட்டியுள்ளேன். 22-ஆவது டியூ 1,220 ரூபாய் உங்கள் அலுவலரிடம் இந்தத் தேதியில் கொடுத்தேன், அட்டையில் பதியப்படவில்லை. கணவர் காயத்தாலும் வேலை குறைந்ததாலும் மூன்று டியூ கட்ட முடியவில்லை, இரண்டு மீட்டிங்கில் நேரில் வந்து சொன்னேன். இந்தத் தேதி மாலை 7:45 முதல் 9:30 வரை இரண்டு பேர் என் வீட்டில் அமர்ந்து மிரட்டினார்கள், ஒருவர் அடையாள அட்டை காட்டவில்லை. மறுநாள் என் அண்ணனுக்குப் போன் செய்தார்கள். என் கணக்கு விவரமும் அபராதக் கணக்கும் எழுத்தில் வேண்டும். நின்ற டியூக்களைக் கட்ட அவகாசம் வேண்டும். இனி வசூல் மையத்தில் மட்டும் நடக்க வேண்டும்."

இவ்வளவுதான். கோபமாக ஒரு வார்த்தை வேண்டாம். தேதி, நேரம், தொகை மூன்றும் சரியாக இருக்கட்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், காசு எதுவும் கிடையாது. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளமான சிஎம்எஸ்-இல் பதியலாம். 14448-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே வழி சொல்வார்கள். கம்பெனிக்கு முதலில் எழுதாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால்தான் இந்தத் தாள் முக்கியம்.

மறுபடியும் ராத்திரியில் வந்தால் 100-க்குக் கூப்பிடுங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வராதீர்கள். வக்கீல் வேண்டுமென்றால் 15100, சட்ட உதவி மையம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசம்.

பெருந்துறை_தையல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11:30

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெண்தான் கடிதத்தை எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். தபால் போன ஐந்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார், புகார் எண் கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் பிராஞ்ச் மேனேஜர் போன் போட்டு, "ஏம்மா, எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார். இரண்டு மீட்டிங்கில் சொன்னேனே என்றேன். பதில் பேசவில்லை.

கணக்கு விவரம் வந்தது. 22-ஆவது டியூ அதில் இல்லை. நோட்டில் எழுதிய தேதியைக் காட்டினேன், அன்றைக்கு ஆபீசர் கேட் பக்கம் வந்ததைப் பார்த்த கூட வேலை செய்யும் அக்காவும் சொன்னாள். ஒரு வாரம் கழித்துப் பதிந்து கொடுத்தார்கள். அபராதம் 600 என்பது 110 ஆகிவிட்டது. நின்ற மூன்று டியூவையும் கடைசியில் சேர்த்துக் கட்டச் சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். நேற்று சனிக்கிழமைச் சம்பளம் வாங்கி இந்த டியூவைக் கட்டி, அங்கேயே நின்று அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணன் வீட்டில் மட்டும் இன்னும் பேச்சு சரியாகவில்லை. அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு எந்த அதிகாரிக்கு எழுதுவது என்று தெரியவில்லை ஐயா.

கோபி_ஓய்வு | ஞாயிறு, மதியம் 12:20

அந்த வலிக்கு ஈடு கிடையாது அம்மணி. அதனால்தான் சொந்தக்காரர்களைத் தொடக் கூடாது என்று விதியே போட்டார்கள். கம்பெனி கொடுத்த பதில் கடிதத்தில் உங்கள் அண்ணனுக்குப் போன் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் அதை மட்டும் கேட்டு இன்னொரு கடிதம் எழுதலாம். வந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கொடுமுடிக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

குழுத்தலைவி_பவானி | ஞாயிறு, மாலை 5:10

இதைப் படித்துவிட்டு என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான்கு இடத்தில் கையெழுத்து இல்லை. உடனே மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் போய் அவர்கள் அட்டையையும் வாங்கிப் பார்த்தேன். ஒருத்திக்கு இரண்டு, இன்னொருத்திக்கு ஒன்று விட்டுப் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மீட்டிங். நான்கு அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.